காலை 8 மணிக்கு யாருடைய கை சும்மா இருக்கிறது?

(கிழக்கு லண்டனில் நடந்த எமது மாதாந்தக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழியை ஆங்காங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறன். இடையிடையே இங்கிலீஷ் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இன்றைக்கு நான் பேச வந்தது ஒப்பரேஷனுக்கான காத்திருப்பைப் பற்றி இல்லை. சாதாரண ஜி.பி. அப்பொயின்ட்மென்ட் பற்றி. பிரஷர் பார்க்க, சலரோக மருந்தை மாற்ற, கன நாளாக இருக்கிற ஒரு வலியைக் காட்ட. இவற்றுக்கு 'அவசரமில்லை' என்று பெயர். ஆனால் எங்கட வீடுகளில் ஆக்களைக் கொண்டுபோன வருத்தங்களை நினைத்துப் பாருங்கோ. அனேகமானவை அவசரமாக வந்தவை இல்லை. மெல்ல மெல்ல வந்தவை.

முதலில் கணக்கைப் பார்ப்பம். இங்கிலாந்தில் ஒரு சாதாரண மாதத்தில் 2 கோடி 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட அப்பொயின்ட்மென்ட்கள் நடக்கின்றன. அவற்றில் பத்துக்கு நாலுக்கும் மேல், பதிவுசெய்த அன்றைக்கே நடக்கின்றன. சிலர் சிரிக்கிறீங்கள். ஆனால் அந்த எண் பொய் இல்லை. மணிக்கூடு எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது.

அது நீங்கள் போனை எடுத்த நேரத்தில் தொடங்குவதில்லை. அப்பொயின்ட்மென்ட் பதிவாகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. திங்கட்கிழமை 8 மணிக்கு எடுக்கிறீர்கள். வரிசையில் இருபதாவது ஆள். உங்கள் முறை வரும்போது "இன்றைக்கு முடிஞ்சுது, நாளைக்கு எடுங்கோ". செவ்வாயும் அதே கதை. புதனும் அதே கதை. வியாழன் கிடைத்து, அன்றைக்கே டொக்டரைப் பார்த்தால், புள்ளிவிபரத்தில் நீங்கள் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. புதன்கிழமையோடு மனம் விட்டுப்போய் விட்டுவிட்டீர்கள் என்றால், நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2023 மே மாதத்திலிருந்து, இப்படி 'நாளைக்கு எடுங்கோ' என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று ஜி.பி. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் கையை உயர்த்துங்கோ பார்ப்பம். (பலர் கை உயர்த்தினர்.) சரி, விளங்குது.

ஆகவே என்னுடைய கேள்வி எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பது மட்டும் இல்லை. காலை 8 மணிக்கு யாருடைய கை சும்மா இருக்கிறது என்பதுதான். அலுவலகத்தில் லப்டொப்புக்கு முன்னால் இருப்பவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை செய்யலாம். கெயார் ஹோமில் வேலை செய்பவர் அந்த நேரத்தில் ஒருவரைக் குளிக்க வார்த்துக்கொண்டிருப்பார். வெயார்ஹவுசில் போன் லொக்கரில் இருக்கும். பஸ் ஓட்டுபவரின் கை ஸ்டியரிங்கில் இருக்கும். 8 மணி வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் அது வர்க்கத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிகிறது.

மொழியையும் பார்த்துத்தான். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அம்மா கெயார் ஹோமில் காலை ஷிப்ட். அதனால் பள்ளிக்கூடம் போக முதல் சேர்ஜரிக்குப் போன் எடுப்பது 11 வயதுப் பிள்ளையான என்னுடைய வேலை. "என்ன பிரச்சினை?" என்று ரிசப்ஷனிஸ்ட் கேட்பார். அம்மா எனக்குச் சொல்லித் தந்தது, "களைப்பாக் கிடக்கு எண்டு சொல்லு". நானும் அதையே சொன்னேன். களைப்பு அவசரமில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு நாள் தந்தார்கள். அன்றைக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து. இப்படியே ஒரு வருசத்துக்கும் மேல் போனது. கடைசியில் அம்மா வேலையிடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றின பிறகுதான் தெரிந்தது, கருப்பையில் கட்டிகள். மாதாமாதம் அளவுக்கு மிஞ்சின இரத்தப்போக்கு. அதை 11 வயதுப் பிள்ளையின் வாயால் சொல்விக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

போன் எடுத்த ரிசப்ஷனிஸ்ட் கெட்டவர் இல்லை. கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டார். அந்த ஒழுங்கில் 'அவசரம்' என்பது நோய் இல்லை, நோயை இங்கிலீஷில் விவரிக்கத் தெரிந்த திறமை. 2025 ஒக்ரோபரிலிருந்து ஒன்லைன் படிவத்தை வேலைநேரம் முழுக்கத் திறந்து வைக்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் படிவத்தை நிரப்பப் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும் என்றால் என்ன மாறியிருக்கிறது?

அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லையா? இலக்கு வைத்தார்கள். 2004க்குள் எவரும் 48 மணித்தியாலத்தில் ஒரு ஜி.பி.யைப் பார்க்கலாம் என்று 2000ஆம் ஆண்டு பிளேயர் அரசாங்கம் சொன்னது. பல சேர்ஜரிகள் அடுத்த கிழமைக்குப் பதிவதையே நிறுத்திவிட்டன. முன்கூட்டிப் பதிந்தால் இலக்குக் கெட்டுவிடுமே! 2005 தேர்தல் நேரம் ஒரு பெண் பி.பி.சி. நிகழ்ச்சியில் இதைக் கேட்டபோது பிளேயர் திகைத்துப்போனார். 2010இல் அடுத்த அரசாங்கம் அந்த இலக்கை எடுத்துவிட்டது. 2022இல் 2 கிழமை என்று இன்னொன்று வந்தது. இலக்கு வைத்தால் டொக்டர்மார் முளைப்பதில்லை.

2020க்குள் 5,000 ஜி.பி.மாரைக் கூட்டுவோம் என்று 2015இல் ஜெரமி ஹண்ட் சொன்னார். 2019இல் பொரிஸ் ஜோன்சன் 6,000 என்றார். இரண்டும் நடக்கவில்லை. இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2024இல் படித்து முடித்த ஜி.பி.மாரே வேலையில்லாமல் இருந்தார்கள். சேர்ஜரிகளுக்கு ஆள் எடுக்கக் கொடுத்த விசேட நிதியில் பார்மசிஸ்ட்டை எடுக்கலாம், பிசியோவை எடுக்கலாம், ஜி.பி.யை எடுக்க முடியாது. அந்த விதியை அந்த ஆண்டு ஒக்ரோபரில்தான், அதுவும் புதிதாகத் தகுதிபெற்றவர்களுக்கு மட்டும், தளர்த்தினார்கள். ஒரு பக்கம் டொக்டர் இல்லாத நோயாளி, மறுபக்கம் வேலையில்லாத டொக்டர். இதற்குப் பெயர் பற்றாக்குறை இல்லை, அரசியல் முடிவு.

வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்றொரு டொக்டர் இருந்தார். கம்யூனிஸ்ட். மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தை புகுந்தால் இது இன்னும் மோசமாகும் என்று 1971இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அதோடு நிற்கவில்லை. வருத்தம் என்று வருபவருக்காகக் காத்திராமல், ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் தேடித்தேடிப் பிரஷர் பார்த்தார். வரிசையில் நோயாளி நிற்பதற்குப் பதிலாக மருத்துவம் நோயாளியைத் தேடிப் போனது. செய்யலாம். செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு கசப்பான விசயமும் சொல்ல வேணும். "இப்ப வந்த ஆக்களாலதான் அப்பொயின்ட்மென்ட் கிடைக்குதில்லை" என்று எங்கட ஆக்களே கதைக்கிறதை நான் கேட்டிருக்கிறன். எண்பதுகளில் எங்களைப் பற்றிச் சொன்னதும் இதேதான். விசாவில் வருகிற பெரியவர் ஒருவர் அனேகமாக வருசத்துக்கு 1,035 பவுண் சுகாதார வரியாக முன்கூட்டியே கட்டுகிறார். சம்பளத்தில் வரியும் கட்டுகிறார். என்.எச்.எஸ்.ஸில் எத்தனையோ வார்ட்களை ஓட்டுவதும் அவர்கள்தான். வரிசையில் முன்னுக்கு நிற்பவரில் கோபப்படச் சொல்லித் தருகிறவருக்கு, வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்வி பிடிக்காது.

சரி, என்ன செய்யலாம்? மூன்று விசயம்.

ஒன்று, உரிமையைத் தெரிந்துகொள்வம். ஜி.பி.யிடம் பதிய விசாவும் தேவையில்லை, முகவரி ஆதாரமும் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், கூடிய நேரமும் கேட்கலாம். "தமிழ் இன்டர்பிரட்டர்" என்ற இரண்டு சொல் போதும். பிள்ளைகளை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கோ.

இரண்டு, ஒவ்வொரு சேர்ஜரியிலும் நோயாளர் குழு ஒன்று இருக்கவேண்டும் என்பது 2015இலிருந்து ஒப்பந்த விதி. அதில் சேருங்கோ. ஷிப்ட் வேலை செய்பவர்கள் சேருங்கோ.

மூன்று, அந்தக் குழுவில் ஒரு கணக்கைக் கேளுங்கோ. புதிய தொலைபேசி முறைகளில் எத்தனை பேர் காத்திருந்து, பதில் கிடைக்காமல் வைத்தார்கள் என்பது பதிவாகிறது. அந்த எண் எங்களுக்கு வேணும். கணக்கில் வராத காத்திருப்பைக் கணக்கில் கொண்டுவருவதுதான் முதல் போராட்டம்.

தேத்தண்ணி மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறன். உங்கட சேர்ஜரி இருக்கிற இடத்தையும், நீங்கள் வேலை தொடங்கிற நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கோ. அடுத்த மாதம் அதை வைத்துக் கதைப்பம்.