அவருக்கு 600, நமக்கு 40: கேட்க வேண்டிய கேள்வி வேறு

(மாமல்லபுரம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் போயிருப்பீங்க. அங்கே பலகையில் ரெண்டு விலை இருக்கும். இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஒரே கோயில், ஒரே கடல், ஒரே காத்து. ஆனா ஒருத்தர் கொடுப்பதைப் போல 15 மடங்கு இன்னொருத்தர் கொடுக்கிறார்.

இது சரியா தப்பான்னு டீக்கடையில் ஒரு வாதம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. "வந்த விருந்தாளிகிட்ட இப்படி வாங்கலாமா?" என்கிறார் ஒருத்தர். "டாலர்ல சம்பாதிக்கிறவன் கொடுக்கட்டுமே" என்கிறார் இன்னொருத்தர். ரெண்டு பேரும் 600-ஐப் பத்தித்தான் பேசுறாங்க. நான் இன்னைக்கு அந்த 40-ஐப் பத்திப் பேச வந்திருக்கேன்.

முதல்ல 600 விஷயத்தை முடிச்சிடுவோம்.

வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்குவது நாம மட்டும் செய்யும் வேலை இல்லை. கம்போடியாவில் அங்கோர் வாட் பார்க்க வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 37 டாலர், அந்த நாட்டு மக்களுக்கு இலவசம். இலங்கையில் சிகிரியா குன்றில் ஏற அந்நாட்டவருக்கு ஒரு விலை, வெளியாருக்குப் பல மடங்கு. இதெல்லாம் ஏழை நாட்டுக்காரங்க பண்றதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இப்போ பாரிஸ் லூவர் அருங்காட்சியகமும் அந்த வழிக்கு வந்துடுச்சு. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கு 22 யூரோ, நம்மைப் போல வெளியே இருந்து போறவங்களுக்கு 32 யூரோ.

இதில் ஒரு நியாயம் இருக்கு. இந்தச் சின்னங்களைக் காப்பாற்றும் செலவு நம் வரிப்பணத்தில் இருந்து போகுது. நீங்க வாங்குற சோப்புக்கட்டியில் கூட அதற்கான பங்கு இருக்கு. கவுன்ட்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே நாம பாதி டிக்கெட் எடுத்துட்டோம். வெளிநாட்டுப் பயணி அந்தப் பங்கை வாசலில் கொடுக்கிறார். அதனால ரெண்டு விலை என்பதையே தப்புன்னு நாங்க சொல்லல. அதில் குறை இல்லாமலும் இல்லை. கென்யாவில் இருந்து வரும் பள்ளி ஆசிரியருக்கும் அமெரிக்க முதலாளிக்கும் ஒரே 600. சொகுசுக் காரில் வந்து இறங்கும் நம்ம ஊர்க் கோடீஸ்வரருக்கு 40. கடவுச்சீட்டு ஒருத்தரோட பணப்பையைக் காட்டாது. இருந்தாலும் வாசலில் நின்னு ஒவ்வொருத்தரின் வருமானத்தையும் விசாரிக்க முடியாது என்பதால், இதை ஒரு தோராயமான ஏற்பாடாக ஏத்துக்கலாம்.

இப்போ 40-க்கு வருவோம்.

2016-க்கு முன்னாடி இதே இடத்துக்கு நமக்கு டிக்கெட் எவ்வளவு, ஞாபகம் இருக்கா? 10 ரூபாய். வெளிநாட்டவருக்கு 250 ரூபாய். 2016-ல் அது 30, 500 என்று ஆனது. 2018-ல் 40, 600 என்று ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்க. வெளிநாட்டவர் கொடுப்பது ரெண்டரை மடங்கு கூட ஆகல. நாம கொடுப்பது நாலு மடங்கு ஆயிடுச்சு! "வெளிநாட்டுக்காரனுக்குத்தானே ஏத்துறாங்க" என்று நாம கைதட்டிக்கிட்டு இருந்தப்போ, நம்ம பாக்கெட்டில்தான் வேகமா கை விட்டிருக்காங்க.

40 ரூபாய் ஒரு காசா என்று சிலர் கேட்பாங்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து ரதம் பக்கம் போய் நில்லுங்க. வேன் பிடிச்சு ஒரு குடும்பம் வந்திருக்கும். தாத்தா, பாட்டி, அண்ணன், தம்பி, அவங்க வீட்டுக்காரம்மா, அத்தை, மாமான்னு பெரியவங்க எட்டுப் பேர். 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம், அது நல்ல விஷயம். பெரியவங்க எட்டுப் பேருக்கு 320 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-ல் ஒரு நாள் கூலி 319 ரூபாய். வெயில்ல ஒரு நாள் மண் வெட்டின காசு, வாசலிலேயே போயிடும்.

அதனால என்ன நடக்குது? "நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் வாங்க, நாங்க இங்கேயே உட்கார்ந்திருக்கோம்" என்று பாட்டி மரத்தடியில் உட்கார்ந்துடுவாங்க. சில குடும்பங்கள் தெருவோரம் இலவசமாகத் தெரியும் அர்ச்சுனன் தபசை மட்டும் பார்த்துட்டு, கடற்கரைக் கோயிலைக் கம்பி வேலிக்கு வெளியே மணல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு, பஸ் ஏறிடும். அந்தக் கல்லைச் செதுக்கினவனும் உழைப்பாளிதான். அவன் பேரன் பேத்தி வேலிக்கு வெளியே நிக்கிறாங்க.

இன்னொன்னு பாருங்க. ஆன்லைனில் பணம் கட்டினா 40 என்பது 35 ஆகும். ஸ்மார்ட்ஃபோன் வெச்சிருக்கிறவருக்கு 5 ரூபாய் தள்ளுபடி. முந்தானையில் முடிஞ்ச காசை எடுத்து எண்ணிக் கொடுக்கும் அம்மாவுக்கு முழு விலை. இது என்ன நியாயம்?

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னாடி கைகோத்து நின்ன படத்தை உலகமே பார்த்தது. நமக்கெல்லாம் பெருமையா இருந்தது. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அதுவரை ஆடு மேய்க்கிறவர் கூட சும்மா சாய்ஞ்சு உட்கார்ந்த பாறைக்கு டிக்கெட் வந்துடுச்சு.

சரி, இந்தக் காசெல்லாம் எங்கே போகுது?

மாமல்லபுரத்துச் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கு. நுழைவுக் கட்டணம் ஒன்றிய அரசின் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேரும். குப்பை அள்ளுவது யார்? நம்ம உள்ளாட்சி. தண்ணீர் கொடுப்பது, தெருவிளக்கு போடுவது, நெரிசலைத் தாங்குவது யார்? இந்த ஊர் மக்கள். டிக்கெட்டில் ஊருக்கு என்று ஒரு பங்கு எழுதப்படவில்லை.

"அது சட்டம், ஒன்னும் பண்ண முடியாது" என்பார்கள். அப்படியா? ஆக்ராவுக்குப் போய்ப் பார்ப்போம். தாஜ்மகாலில் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய். அதில் 600 தொல்லியல் துறைக்கு. மீதி 500 ஆக்ரா வளர்ச்சி ஆணையத்துக்கு. இந்தியர் கொடுக்கும் 50-ல் கூட 10 ரூபாய் அந்த ஆணையத்துக்குப் போகுது. தாஜ்மகால் இருக்கும் ஊருக்குப் பங்கு உண்டு. பல்லவர் கல்லில் எழுதிய ஊருக்கு மட்டும் ஏன் இல்லை?

இங்கே கூட்டம் வரலையா என்ன? ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2021-22-ல் தாஜ்மகாலுக்கு வந்த வெளிநாட்டவர் 38,922 பேர். மாமல்லபுரத்துக்கு வந்தவர்கள் 1,44,984 பேர். கொரோனாவால் விமானங்களே சரியாக ஓடாத வருஷம் அது. அப்படிப்பட்ட வருஷத்திலேயே வெளிநாட்டு டிக்கெட் ஒன்றுக்கு 100 ரூபாய் ஊருக்கு என்று ஒதுக்கியிருந்தா, கிட்டத்தட்ட 1 கோடியே 45 லட்சம் வந்திருக்கும். குழந்தைகளையும் சலுகை உள்ளவர்களையும் கழித்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எத்தனை நல்ல கழிப்பறை கட்டலாம், யோசிங்க.

நம்ம சொந்தங்கள் பத்தியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் இருந்து இலங்கைக் கடவுச்சீட்டோடு வருபவருக்கு இங்கே 40 ரூபாய்தான். சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு இந்தியர் விலை என்பது விதி. அவரோட தம்பி கனடா குடிமகனா வந்தா 600. மலேசியாவில் இருந்து வரும் நம்ம பெரியம்மா பேரனுக்கும் 600. ஆனா வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ அட்டை, கையில் இருந்தா அவருக்கும் 40-தான். நிறைய பேருக்கு இது தெரியாது, 600 கட்டிட்டுப் போறாங்க. உங்க உறவினர் யாராவது வர்றாங்கன்னா இதை முன்கூட்டியே சொல்லிடுங்க.

"தமிழனுக்கு மட்டும் 40 போடு" என்று நாங்க கேட்க மாட்டோம். கவுன்ட்டரில் யார் தமிழன்னு எதை வைத்துச் சோதிப்பது? முகத்தைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் ஏற்கெனவே போதும். வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை நிறுத்தி "நீ இந்தியனா?" என்று கேட்கும் கொடுமைக்கு நாம துணை போகக் கூடாது.

நாங்க கேட்பது நாலே நாலு.

ஒன்று. இந்தியருக்கான கட்டணத்தை இனி உயர்த்தக் கூடாது. காசாகக் கொடுத்தாலும் ஃபோனில் கொடுத்தாலும் ஒரே விலை, அது 35 ஆகவே இருக்கட்டும்.

இரண்டு. ஊர்க்காரருக்கு இலவசம். ஜப்பானில் ஹிமேஜி கோட்டைக்கு 2026 மார்ச் முதல் அந்த நகரவாசிக்கு 1,000 யென், வெளியாருக்கு 2,500 யென். வேறு ஊரில் இருந்து வரும் ஜப்பானியரும் 2,500 கட்டணும். கோடு கடவுச்சீட்டில் போடல, குடியிருப்பில் போட்டிருக்காங்க. இங்கே கல்பட்டறையில் உளி பிடிக்கும் தம்பி, தன் தொழிலுக்குப் பாடமாக இருக்கும் சிற்பத்தைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் 40 ரூபாய் கட்டணுமா?

மூன்று. ஆக்ராவைப் போல மாமல்லபுரத்துக்கும் டிக்கெட்டில் பங்கு. புதுசா ஒரு ரூபாய் கூட ஏத்த வேண்டாம், வாங்கும் 600-க்குள்ளேயே கொடுங்க.

நான்கு. யாருக்கு என்ன விலை, எந்த அட்டைக்கு என்ன சலுகை என்று தமிழிலும் மற்ற மொழிகளிலும் தெளிவான பலகை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கு. வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் அங்கே டிக்கெட் இல்லை. ராஜராஜன் கட்டியதைப் பார்க்க யாரும் பாட்டியை வெளியே உட்கார வைப்பதில்லை. மாமல்லன் ஊரிலும் அந்த நிலை வரணும்.

அடுத்த தடவை வாசலில் நிக்கும்போது 600-ஐப் பார்த்துச் சந்தோஷப்படாதீங்க. 40-ஐப் பாருங்க. பக்கத்தில் மரத்தடியில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க.



#மாமல்லபுரம் #ஊருக்குப்பங்கு