சாதனத்துக்குப் போகும் வழி



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா தூங்க வெச்சிடாதீங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். முதல் பாதிக்கு மட்டும் நான் உத்தரவாதம்.

நம் மைக்ரோபிராசசர் லேபை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 8085 கிட், 8255 சிப், கூடவே தேர்வில் தவறாமல் வரும் அந்தக் கேள்வி: "மெமரி மேப்டு ஐ/ஓ, ஐ/ஓ மேப்டு ஐ/ஓ: வேறுபடுத்துக." நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பதிலில் நாம் எழுதாமல் விட்ட மிச்சத்தைத்தான் இப்போது பேசப்போகிறேன்.

8085-இல் 256 போர்ட்டுகள். அதன் வழியில் வந்த பி.சி. பிராசசர்களில் 65,536. இவற்றுக்கென்று தனியாக இன், அவுட் கட்டளைகள் உண்டு. பழைய பி.சி.யின் கீபோர்டு ஹெக்ஸ் 60-ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ் எதிலும் இந்த இன், அவுட் கிடையாது. மெமரி இருக்கும் அதே முகவரித் தெருவில்தான் சாதனங்களும் குடியிருக்கும். பி.சி.யிலும் கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் இப்போது அந்தத் தெருவுக்கே வந்துவிட்டன.

சரி, முகவரி தெரிந்தால் நேரே போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே? முடியாதுங்க. சாதனத்தின் முகவரி பௌதிக முகவரி. கெர்னல் ஓடுவதோ பேஜ் டேபிள் வழியாக வரும் மெய்நிகர் முகவரியில். ஒன்றை மற்றொன்றோடு இணைத்துத் தர லினக்ஸ் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: ஐஓரீமேப். 2.0 பதிப்பில் வீரீமேப் என்று இருந்தது, 2.1 காலத்தில் இந்தப் பெயர் பெற்றது. பௌதிக முகவரியையும் அளவையும் கொடுத்தால், டிரைவர் பயன்படுத்தக்கூடிய முகவரியைத் திருப்பித் தரும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் நான் இப்போதே உட்கார்ந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், சாதனத்தின் ரெஜிஸ்டர் மெமரி மாதிரி தெரியும், ஆனால் மெமரி அல்ல. சீரியல் போர்ட்டில் இருக்கும் 16550 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிசீவ் ரெஜிஸ்டரை ஒருமுறை படித்தால் வரிசையிலிருந்து ஒரு எழுத்து கழன்றுவிடும். படிப்பதே ஒரு செயல். இந்த ரெஜிஸ்டரைப் போய்ப் பிராசசர் கேஷில் வைத்துக்கொண்டால், அல்லது "எப்படியும் கேட்பான்" என்று தானாக முன்கூட்டியே படித்துவிட்டால், டேட்டா போச்சு. ஆகவே ஐஓரீமேப் இணைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. கேஷில் வைக்காதே, நீயாக முன்னால் படிக்காதே, என்று பிராசசரிடம் சொல்லியும் வைக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு பிராசசரும் ஒவ்வொரு ரகம்.

32 பிட் மிப்ஸில் வேலை சுலபம். அதன் முகவரிப் பரப்பில் கே-செக்-ஒன் என்று 512 எம்.பி. பகுதி ஒன்று உண்டு. அங்கே போனால் கேஷும் இல்லை, பேஜ் டேபிளும் இல்லை, நேரே பௌதிக முகவரியின் முதல் 512 எம்.பி.தான். சாதனம் அந்த எல்லைக்குள் இருந்தால், ஐஓரீமேப் ஒரு எண்ணைக் கூட்டிக் கொடுப்பதோடு சரி.

டெக் ஆல்ஃபா இதற்கு நேர் எதிர். ஆரம்பகால ஆல்ஃபாவில் ஒற்றை பைட்டை மட்டும் படிக்கவோ எழுதவோ கட்டளையே கிடையாது, குறைந்தது 32 பிட். சாதனத்தில் ஒரே ஒரு பைட் எழுத வேண்டுமென்றால்? முகவரியை 5 பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான இடத்தில் "எனக்கு ஒரு பைட் போதும்" என்ற குறிப்பைச் செருகி அனுப்ப வேண்டும்! இப்படி ஒரு யோசனை யாருக்கு வந்ததோ, அவரைக் கும்பிட வேண்டும். 1996 வாக்கில் வந்த ஈவி-56 சிப்பில்தான் பைட் கட்டளைகள் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆல்ஃபாக்களை லினக்ஸ் 2024-இல், 6.10 பதிப்பில்தான் கைவிட்டது.

பவர்பிசியில் வரிசை தவறாமல் இருக்கத் தனிக் கட்டளை ஒன்று, பெயர் 'ஈ-ஐ-ஈ-ஐ-ஓ'. அதைப் படிக்கும்போது சிரிக்காதவர் இல்லை. 64 பிட் ஆர்மில் பேஜ் டேபிளிலேயே 'இது சாதனம்' என்று வகை குறிக்கலாம். அதிலும் உட்பிரிவுகள் உண்டு. லினக்ஸ் எடுத்துக்கொள்ளும் வகையில் இரண்டு எழுத்தை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, வரிசை மாற்றக் கூடாது. ஆனால் எழுதியது சாதனத்தைப் போய்ச் சேருமுன்பே வழியில் 'கிடைத்தது' என்று ரசீது கொடுத்துவிடலாம்.

பி.சி.யிலாவது எல்லாம் ஒழுங்கா என்றால், அங்கேயும் வெகுகாலம் ஐஓரீமேப் கேஷைப் பற்றி வாயே திறக்காது. பயாஸ் என்ன அமைத்து வைத்ததோ அதுதான். கேஷ் வேண்டாம் என்பவர்கள் ஐஓரீமேப்-நோகேஷ் என்று தனியாகக் கேட்க வேண்டும். 2008-இல் 2.6.25 பதிப்பில்தான் ஐஓரீமேப் என்றாலே கேஷ் இல்லை என்று ஆனது. அந்த நோகேஷ் 2020-இல், 5.6 பதிப்பில் விடைபெற்றது.

இதெல்லாம் கெர்னல்காரர்கள் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நெட்வொர்க் கார்டு. டிரைவரைக் கார்டு செய்தவர்களே எழுதித் தந்திருந்தார்கள். பி.சி.யில் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அதே டிரைவரை 64 பிட் ஆர்ம் போர்டில் ஏற்றினோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாக்கெட் குப்பையாகப் போகும். காரணம் தேட பிரின்ட்கே போட்டால் தவறு மறைந்துவிடும், எடுத்தால் திரும்ப வரும். மூன்று வாரம் தூக்கம் இல்லை.

நடந்தது இதுதான். டிரைவர் முதலில் மெமரியில் "இந்தப் பாக்கெட்டை அனுப்பு" என்று சீட்டு எழுதி வைக்கும். பிறகு கார்டின் ரெஜிஸ்டரில் எழுதி மணி அடிக்கும். ஐஓரீமேப் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் மணி அடிக்க ரைட்எல் என்ற கெர்னல் ஃபங்ஷனைப் பயன்படுத்தாமல், கிடைத்த முகவரியை வெறும் பாயிண்டராக வைத்து எழுதியிருந்தார்கள். பி.சி. பிராசசர் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் மாற்றாது, அதனால் தப்பித்தது. ஆர்மில் 'வரிசை மாற்றாதே' என்பது சாதனத்துக்குள் எழுதுவதற்கு மட்டும்தான். மெமரியில் எழுதும் சீட்டுக்கும் சாதனத்தில் அடிக்கும் மணிக்கும் இடையே அந்த உறுதி கிடையாது. மணி முன்னால் போய், கார்டு பழைய சீட்டைப் படித்தது. ரைட்எல் அந்தத் தடுப்பைத் தானே போட்டுக்கொள்ளும். பெரிய எண்டியன் இயந்திரமானால் பைட்டுகளையும் திருப்பி வைக்கும். மாற்றியது ஒரே வரி.

இங்கே தம்பி தங்கைகளிடம் உரிமையோடு ஒன்று சொல்வேன். "என் பி.சி.யில் ஓடுதே சார்" என்பது டிரைவர் விஷயத்தில் சாட்சியம் ஆகாது. பி.சி. நம்மை ரொம்பச் செல்லம் கொடுத்து வளர்க்கிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசரும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான், அந்தச் செல்லத்தை அது கொடுக்காது. ஐஓரீமேப் தரும் முகவரிக்கு 2004-லிருந்து கெர்னலில் 'ஐஓமெம்' என்று முத்திரை உண்டு. அதை வெறும் பாயிண்டராகப் பயன்படுத்தினால் ஸ்பார்ஸ் என்ற கருவி எச்சரிக்கும். எங்கள் அந்த மூன்று வாரத்தை அது மூன்று நிமிடத்தில் முடித்திருக்கும்.

ஆர்வமுள்ளவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். ஹாஸ்டலில் லினக்ஸ் இருக்கும் மிஷின் எதிலாவது, ப்ராக் டைரக்டரியில் ஐஓமெம் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். ரூட்டாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா முகவரியும் பூஜ்யமாகக் காட்டும். எந்தச் சாதனம் எந்த முகவரியில் குடியிருக்கிறது என்று வரிசையாக வரும். பக்கத்திலேயே ஒரு ஆர்ம் போர்டில் அதே ஃபைலைத் திறந்து, இரண்டையும் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சங்க அலுவலகத்தில் கேட்டு எனக்கு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, வரிசை மாறாமல் போங்க.