வண்டி திருத்துமிடமும் தொற்றுநோயும்



வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என ஊர்தோறும் ஒரு காட்சியைக் காண்பர். தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதன் முன்னே இயந்திரம் பிரித்துப் போடப்பட்ட ஒரு லொறியோ உழவு இயந்திரமோ நிற்கும். பக்கத்திலே பழைய ரயர்கள் ஆளுயரத்திற்கு அடுக்கப்பட்டிருக்கும். வன்னியின் வண்டி திருத்துமிடங்கள் இவை. 1990களில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலத்தில், மண்ணெண்ணெயைக் கொண்டே பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை ஓடவைத்த கைவன்மை இப்பகுதிக்கு உரியது. அக்கைவன்மையைப் பற்றிப் பேசப் புகுந்தால் நேரம் போதாது. இன்று நான் சொல்ல வந்தது வேறு. வண்டியைத் திருத்தக் கொடுக்கும் நாமும், அதனைத் திருத்தித் தருபவரும் எந்நோயைப் பெற்றுக்கொள்ளக்கூடும், அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதே அது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்று நம் நாட்டிற் பரவத் தொடங்கியபோது, வண்டியைத் திரும்பப் பெற்றவர்கள் முதலிற் செய்த காரியம் சுக்கானையும் கதவுப் பிடியையும் மருந்து நீரால் துடைத்ததே. அதிலே தவறில்லை. ஆயினும், தொட்ட பொருளால் அந்நோய் தொற்றுவது மிக அரிதென்றும், ஒருவர் விடும் மூச்சிலிருந்தும் இருமலிலிருந்தும் மற்றொருவருக்குச் செல்வதே பெரும்பான்மையென்றும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. மூடிய காரின் உள்ளிடம் ஒரு சிறு அலுமாரியை ஒத்தது. பிழை எங்கேயென்று கண்டறிய மெக்கானிக்கும் வண்டிக்காரரும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிரூட்டியையும் இயக்கிக்கொண்டு, பரந்தன் வரை ஓட்டிப் பார்த்து வருகிறார்கள். ஒருவருக்குத் தடிமனோ காய்ச்சலோ இருந்தால் இந்த ஓட்டத்திலேதான் அது மற்றவரைச் சேரும். இரு பக்கத்துக் கண்ணாடிகளையும் இறக்கி விடுங்கள். உள்ளே காற்று ஓடட்டும். காய்ச்சல் உள்ளவர் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது நன்று. இது கொரோனாவுக்கு மட்டும் உரிய விதியன்று; காசநோய்க்கும் பொருந்தும்.

கைகளைப் பற்றியும் ஒரு சொல். கிறீசும் ஒயிலும் படிந்த கையிலே மருந்து நீர் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் நீருமே வேண்டும். பலர் பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் கை கழுவுகின்றனர். அழுக்கு உடனே போகிறது. தோலின் காப்பெண்ணெயும் அதனுடன் போகிறது. பின்னர் தோல் வெடித்து, கிருமிகளுக்கு வாயில் திறந்து விடுகிறது. துருப்பிடித்த தகட்டால் வெட்டுண்டால் ஏற்புவலி வருமென்று அஞ்சுகிறோம். அக்கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலுமே. துரு அதனை உண்டாக்குவதில்லை. ஆழமான காயத்தினுள் மண் புகுந்ததே அபாயம். ஏற்புத் தடை ஊசி போட்டுக் காலம் கடந்தவர் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

எலியையும் மறத்தலாகாது. அறுவடைக்கும் அடுத்த உழவுக்குமிடையே உழவு இயந்திரம் மாதக்கணக்கில் நிற்கும்போது, எலி அதன் மூடிக்குள் கூடு கட்டிக்கொள்ளும். அதன் சிறுநீரால் பரவுவது எலிக்காய்ச்சல். 2024ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்நோயால் உயிர்களை இழந்தோம். அக்கூட்டை வெறுங்கையால் அகற்றற்க. காற்றடிக்கும் கருவியால் ஊதவுங் கூடாது. சவர்க்கார நீர் தெளித்து நனைத்து, கையுறையுடன் எடுத்துப் புதைக்கலாம். வண்டி கழுவும் குழியிலே சேற்று நீரில் வெறுங்காலுடன் நிற்பவரும், காலிலே புண் இருந்தால், இந்நோய்க்கு இலக்காகலாம்.

இவ்வளவுஞ் சொல்லியும், அந்தக் கொட்டகையில் நான் மிக அஞ்சும் பொருள் ரயரே. ஐப்பசி, கார்த்திகை மழையிலே அதன் வளைவுக்குள் ஒரு சிரட்டை அளவு நீர் தேங்கிவிட்டால், டெங்கு நுளம்புக்கு அதுவே குளம். கறுப்பு நிறம், நிழல், காற்றில்லாத உட்புறம், உதிர்ந்த இலை யாவும் அதற்கு உவப்பானவை. அது முட்டைகளை நீர் மட்டத்திற்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிர் தாங்கும். அடுத்த மழை தொட்டவுடன் பொரிக்கும். பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். இந்நுளம்பு பகலிலே கடிப்பது. வண்டி முடியும்வரை வாங்கிலே காத்திருப்பவரும், வண்டியின் கீழே படுத்திருக்கும் பையனும் அதற்கு எளிதில் அகப்படுவர். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு கண்டனர். 400 பேருக்கு மேல் இறந்தனர்.

ரயரிலே நுளம்பு கடலும் கடக்கும். ஆசிய நாடுகளுக்குரிய வரி நுளம்பு, 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியிருக்கக் காணப்பட்டது. பழைய ரயர் வாணிபமே அதனைக் கொண்டு சேர்த்தது என்பது அறிஞர் துணிபு.

வன்னிக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. மலேரியாக் காய்ச்சலால் நெடுங்காலம் வருந்திய நிலம் இது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில், சென்னை முதலிய இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. வன்னியின் பழைய மலேரியா நுளம்பு ஆற்று மணற்குட்டைகளை நாடியது. இப்புதியதோ கிணறு, நீர்த்தொட்டி, பாத்திரம், ரயர் என்று மனிதன் செய்து வைத்த நீர்நிலைகளிலே வாழ வல்லது. பிறநாட்டிலிருந்து மலேரியாவுடன் வரும் ஒருவரை அது கடித்துவிட்டால் என்னாகும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சிலர் ரயர் நீரிலே கழிவு ஒயிலை ஊற்றுகின்றனர். நுளம்புக் குடம்பிகள் மாள்வது உண்மையே. ஆனால் அவ்வொயில் மண்ணில் இறங்கி நம் கிணற்றுக்கே வந்து சேரும். ரயர்களைக் கூரையின் கீழ் வைப்பதே சாலச் சிறந்தது. இடமில்லையேல் மழைநீர் புகாதவாறு விரிப்பால் இறுக மூடலாம். அவ்விரிப்பின் மடிப்பிலே நீர் தேங்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். வேலிக்கோ பூஞ்செடிக்கோ வைத்த ரயரை மண்ணால் நிரப்பிவிடலாம்.

புது ரயர் மாட்டியபின் பழையதை என்ன செய்வதென்று மெக்கானிக் கேட்பார். "அங்கேயே போட்டு விடுங்கள், தம்பி" என்று சொல்லிப் புறப்படுவதே நம் வழக்கம். அடுத்த முறை, எங்கே போடப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூரையின் கீழ் இடமில்லை என்றாரானால், உங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், வீட்டிலே நனையாத ஒரு மூலையில் வையுங்கள். பிரதேச சபையார் கழிவு சேர்க்க வரும் நாளில் ஒப்படைக்கலாம்.