துப்பாக்கிக்கு முன்னால்



ஆயுதக் குழுக்கள் பெருகிய நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். படித்தவர்களும் அப்படிச் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவைக் கொஞ்சம் பாருங்கள்.

1956-இல் அங்கே ஓலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1960-இல் பிரிட்டிஷார் போனார்கள். நிலத்தடி வளம் ஆள்பவருக்கே சொந்தம் என்ற அவர்களுடைய சட்டம் போகவில்லை. சுதந்திரத்தின்போது கனிம வருவாயில் பாதியாவது அது கிடைத்த பிராந்தியத்துக்குப் போனது. பின்னால் வந்த ராணுவ ஆட்சிகள் அதை 1.5 சதவீதம் வரை குறைத்தன. 1969-இல் எண்ணெய் முழுதும் மத்திய அரசுக்கு என்றானது. 1978-இல் நிலமும் மாநில ஆளுநர் கைக்குப் போனது. மீன் பிடித்தும் மரவள்ளி நட்டும் பிழைத்தவர்களுக்கு மிஞ்சியது, எண்ணெய் படிந்த ஓடையும் இரவு பகலாக எரியும் எரிவாயுவும்தான்.

இதை எதிர்த்து 1993 ஜனவரியில் டெல்டாவில் வாழும் ஓகோனி மக்கள் ஆயுதமில்லாமல் பெருந்திரளாக ஊர்வலம் போனார்கள். அவர்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் வேறு எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு தூக்கிலிட்டது. அமைதியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை அந்தப் பகுதியின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

பிறகு ஜனநாயகம் வந்தது. 2003 தேர்தலில் டெல்டாவிலுள்ள ரிவர்ஸ் மாநில அரசியல்வாதிகள், வேலையில்லாத இளைஞர்களுக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்து எதிராளிகளை மிரட்டவிட்டார்கள். தேர்தல் முடிந்ததும் பணம் நின்றது. துப்பாக்கி இளைஞர்களிடமே இருந்தது. குழாயில் துளைபோட்டுக் கச்சா எண்ணெய் திருடினார்கள், ஆட்களைக் கடத்தினார்கள். கடத்தியவனின் குற்றம் கடத்தியவனுடையதுதான். கொடுத்த கையையும் கேட்க வேண்டாமா?

2009-இல் அரசு பொதுமன்னிப்பு அளித்து, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மாதம் 65,000 நைரா கொடுத்தது. அதனால் பல உயிர்கள் பிழைத்தன. குறை சொல்ல மாட்டேன். ஆனால் துப்பாக்கியைத் தொடாதவர்களுக்கு என்ன கிடைத்தது? ஓகோனி பகுதியில் ஓகாலே என்ற ஊரின் குடிநீர்க் கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்குக்கு மேல் பென்சீன் இருப்பதாக 2011-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அறிவித்தது. துப்புரவுப் பணியைத் தொடங்கிவைக்கவே 2016 ஆயிற்று. அதே ஆண்டில் இன்னொரு ஆயுதக் குழு எண்ணெய்க் குழாய்களைத் தகர்க்கக் கிளம்பிவிட்டது.

பட்டம் பெறும் உங்களில் சிலர் எண்ணெய் நிறுவனங்களுக்குப் போவீர்கள், சிலர் ஆட்சிப் பணிக்கு. கலவரம் என்று உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வந்தால், காவல்துறை அறிக்கையோடு அந்த ஊரின் நிலப் பதிவேட்டையும் கிணற்று நீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.