தலைகீழாகத் தொங்கிய குச்சி



ஒரு மரக்குச்சியை வெட்டித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் வேர் எந்த முனையில் முளைக்கும்? தரையைப் பார்த்திருக்கும் முனையில்தான் என்று சொல்லத் தோன்றும். ஜெர்மன் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபெக்டிங் வில்லோ மரக்குச்சிகளை வைத்து இதைச் சோதித்தார். 1878-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மரத்தில் இருந்தபோது எது அடிமுனையோ, அங்கேதான் வேர் மிகுதியாக வந்தது. அந்த முனை இப்போது மேலே இருந்தும்கூட!

குச்சிக்குத் தன் தலையும் காலும் எப்படித் தெரிகிறது? இதற்கான விடை, ஆக்சின் என்ற ஹார்மோன் செடிக்குள் போகும் வழியில் இருக்கிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1920-களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் நாற்றுகளின் நுனிகளை வெட்டி, அகர் கூழ்த் துண்டுகள் மேல் வைத்தார். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அந்தக் கூழை மட்டும் நுனியற்ற நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். அந்தப் பக்கம் கூடுதலாக வளர்ந்து நாற்று வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கூழில் இறங்கியிருக்கிறது என்பது உறுதியானது. அந்தப் பொருளான ஆக்சினை வேதியியலாளர்கள் 1934-இல் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? மனிதச் சிறுநீரிலிருந்து! அறிவியல் எங்கெங்கோ தேடும்.

இளந்தண்டின் நுனியிலும் குருத்திலைகளிலும் உருவாகும் ஆக்சின், செல் செல்லாகக் கீழே இறங்குகிறது. மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகம். செல்லின் வெளிச்சுவர்ப் பகுதியில் அமிலத்தன்மை அதிகம். அங்கே ஆக்சினில் ஒரு பகுதி மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் எளிதாக உள்ளே நுழைந்துவிடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. அங்கே ஆக்சின் மின்னேற்றம் பெற்றுவிடும், வந்த வழியே திரும்ப முடியாது. வெளியேற்றும் புரதங்களோ பெரும்பாலும் செல்லின் அடிப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. எல்லாப் பக்கமும் நுழையலாம், ஒரே கதவு வழியாகத்தான் போகலாம் என்ற வீடு மாதிரி. குச்சியைக் கவிழ்த்தாலும் கதவு இடம் மாறுவதில்லை; ஆக்சின் பழைய அடிமுனையிலேயே சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. 1974-இல் ரூபெரி, ஷெல்ட்ரேக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். ஷெல்ட்ரேக் பின்னர் ஐதராபாத் அருகே இக்ரிசாட் நிறுவனத்தில் நம்முடைய துவரையையும் கொண்டைக்கடலையையும் ஆராய்ந்தவர்.

செல் செல்லாக இறங்கும் இந்த வழியைவிட வேகமான இன்னொரு பாதையும் உண்டு. இலையில் தயாராகும் சர்க்கரையோடு சேர்ந்து, பட்டையின் உட்புறக் குழாய்கள் வழியாகவும் ஆக்சின் வேருக்குப் போகிறது.

விதையின் கதை தனி. முளைக்கும் மக்காச்சோள விதையில் ஆக்சினின் பெரும்பகுதி வேறு மூலக்கூறுகளோடு பிணைந்து, செயலற்ற சேமிப்பாக இருக்கும். ஈரம் பட்டதும் அது நகரத் தொடங்குகிறது. ஆராய்ச்சிக்கூடங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் செடியில், முதல் சில நாட்களில் பக்கவேர் வெளிவர மேலிருந்து வரும் ஆக்சின் தேவை. அது நின்றால் பக்கவேர்கள் தயங்கிவிடும். வேர்நுனி தானே போதிய ஆக்சின் தயாரிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

வேரின் நடுப்பகுதி வழியாக நுனிக்குப் போன ஆக்சின் அங்கே திரும்பி, வெளியடுக்குகள் வழியாகச் சற்று மேலேறும். வேரைச் சாய்த்து வைத்தால் வேர்மூடியில் உள்ள மாவுமணிகள் சரிந்து விழ, ஆக்சின் கீழ்ப்பக்கம் கூடும். தண்டை வளர்க்கும் அதே பொருள், அந்த அளவில் வேரின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். கீழ்ப்பக்கம் தாமதிக்க, மேல்பக்கம் நீள, வேர் மண்ணை நோக்கி வளைகிறது.

நாற்றங்காலில் கொய்யாவுக்கோ மாதுளைக்கோ விண்பதியம் போடுபவர்களுக்கு இந்த ஓட்டம் கைப்பழக்கம். கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்து, கட்டையை நன்றாகச் சுரண்டுவார்கள். உள்ளிருக்கும் கட்டை வழியே தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும். மேலிருந்து வரும் சர்க்கரையும் ஆக்சினும் மட்டும் வெட்டின் மேல் விளிம்பில் தேங்கிவிடும். ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்துப் பாலித்தீனால் கட்டினால் வேர் வருவது அந்த மேல் விளிம்பில்தான். வேர் ஊக்கிப் பவுடர் வாங்கியவர்கள் அதைக் கீழ் விளிம்பில் பூசிவிடாதீர்கள்.