ரத்தக் குழாயின் உள்சுவர் செய்யும் காவல்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் காலை நடையின்போது நம்மில் பலர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. "அறுபது தாண்டியாச்சே, தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?" என்பது ஒன்று. "பல் பிடுங்கணும், அந்த மாத்திரையை நாலு நாள் நிறுத்திடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தெரிய, ரத்தக் குழாயின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டெங்கு வந்த பிறகு பிளேட்லெட் என்ற வார்த்தை தெரியாதவர் இல்லை. காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால், ஓடி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தத்தை நிறுத்துபவை அவைதான். அப்படியானால் வெட்டுப்படாத இடத்தில் அவை ஏன் ஒட்டுவதில்லை?

குழாயின் உள்பக்கம் முழுவதும், தரைக்கு டைல்ஸ் பதித்த மாதிரி, ஒரே ஒரு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். இது வெறும் பூச்சு இல்லை. அடியில் இருக்கும் கொலாஜன் நாரை மூடி வைக்கிறது. பிளேட்லெட் அந்த நாரைத் தொட்டால்தான் ஒட்டத் தொடங்கும். புரோஸ்டாசைக்ளின், நைட்ரிக் ஆக்சைடு என்ற இரண்டு பொருள்களைச் சுரந்து, 'கூட்டம் சேராதே' என்று பிளேட்லெட்டுகளை அடக்கி வைக்கிறது. ஒரு பிளேட்லெட் மற்றதைக் கூப்பிட வெளியிடும் ஏ.டி.பி. என்ற பொருளையும் சிதைத்துவிடுகிறது. அதனால்தான் காயத்தில் உறைந்த ரத்தம் பக்கத்துக் குழாய்க்குப் பரவுவதில்லை.

புரோஸ்டாசைக்ளினை 1976இல் இங்கிலாந்தில் சால்வடார் மொன்காடா, ஜான் வேன் குழுவினர் கண்டறிந்தார்கள். வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்காக 1998இல் மூவருக்கு நோபல் கிடைத்தது.

இனி ஆஸ்பிரின். பிளேட்லெட் 'கூடுங்கள்' என்று சொல்ல துரோம்பாக்சேன் என்ற பொருளைத் தயாரிக்கிறது. ஆஸ்பிரின் அந்தத் தயாரிப்பை நிரந்தரமாக முடக்குகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது. ஆகவே அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அது மீளாது. உள்சுவர்ச் செல்களுக்கு உட்கரு உண்டு. இழந்ததை மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவு போதுமானதாக இருப்பது இதனால்தான்.

கேள்விகளுக்கு வருகிறேன். நாமாகத் தொடங்கலாமா? கூடாது. காயத்தை அடைக்கும் வேலையும் சேர்ந்து குறைவதால் வயிற்றிலும் மூளையிலும் ரத்தக் கசிவு வரலாம். இதய நோய் இல்லாதவர்கள் அறுபது வயதுக்குமேல் தடுப்புக்கென்று புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் பரிந்துரைத்தது.

நாமாக நிறுத்தலாமா? அதுவும் கூடாது. முக்கியமாக ஸ்டென்ட் வைத்தவர்கள். அந்த உலோக வலைமேல் உள்சுவர்ச் செல்கள் படர்ந்து மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அங்கே காவல் இல்லை. அந்த இடத்தை மாத்திரைதான் பார்த்துக்கொள்கிறது. இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பல் டாக்டரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டர் சொல்லட்டும்.

நம் கையில் இருப்பது உள்சுவரைக் கெடுக்காமல் இருப்பது. புகை, கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கின்றன. வேகமாக நடக்கும்போது ரத்தம் சுவரை உரசி ஓடுவதால் அது கூடுதலாகச் சுரக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சில விநாடிகளுக்குமேல் நிற்காது; சேமித்து வைக்க வழியில்லை, அன்றன்றைக்குத்தான் சம்பாதிக்க வேண்டும். ஆகவே முடிந்தவர்கள் தினமும் நடங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டு ஆலோசனை வேண்டாம்.