வாசலை அகலத் திறந்த பேராசிரியர் வி. ராஜாராமன்

எம்.சி.ஏ. படித்தவர்கள் இந்த அவையிலும் சிலர் இருக்கக்கூடும். பி.எஸ்சி., பி.காம். முடித்து, பொறியியல் பட்டம் இல்லாமலேயே மென்பொருள் வேலைக்குப் போன ஒரு தலைமுறைக்கு வழிவிட்டது அந்தப் படிப்புதான். 1980-களின் தொடக்கத்தில் அதைப் பரிந்துரைத்த மின்னணு ஆணையக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமன். 2025 நவம்பரில், 92 வயதில், பெங்களூருவில் மறைந்தார்.

அவர் 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். படித்தது டெல்லியில், மதராசிக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும், பிறகு செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும். 1950-களின் நடுவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விஸ்கான்சினிலிருந்து வந்த பேராசிரியர் வின்சென்ட் ரைடவுட் ஓர் அனலாக் கணினியைக் கொண்டுவந்தார். அதற்கு வேண்டிய சில மின்சுற்றுகளை உருவாக்கும் பணியில் இளைஞர் ராஜாராமன் ஈடுபட்டார். அங்கே தொடங்கிய ஈடுபாடு அவரை எம்.ஐ.டி.க்கும், 1961-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டத்துக்கும் இட்டுச் சென்றது.

பட்டத்தோடு அமெரிக்காவிலேயே தங்கிவிடாமல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்தார். 1963-இல் அங்கே ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. இன்று நினைத்தால் வியப்பாக இருக்கும்: அந்த இயந்திரத்தின் முதல் மாதிரியில் கூட்டல் செய்வதற்கென்று தனிச் சுற்றே கிடையாது. நினைவகத்தில் எழுதி வைத்த வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, விடை சொல்லும். அடிப்படை வடிவில் அதன் நினைவகம் மொத்தமே 20,000 இலக்கங்கள். துளையிட்ட அட்டைகளில் நிரலை ஏற்ற வேண்டும். ஆனாலும் அதில் ஃபோர்ட்ரான் மொழி இருந்தது. இயந்திர மொழியின் எண்களோடு மல்லாடாமல், கணிதச் சூத்திரத்தை ஏறத்தாழ அப்படியே எழுதி இயந்திரத்திடம் கொடுக்க முடிந்தது.

இதைப் பயன்படுத்திக்கொண்ட விதத்தில்தான் ராஜாராமனின் ஆசிரிய உள்ளம் தெரிகிறது. பத்து நாள் பயிற்சி வகுப்புகள் நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் கான்பூருக்கு வந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு போனார்கள். 1965-இல் சக பேராசிரியர் எச்.கே. கேசவனும் அவரும் மின்பொறியியல் எம்.டெக். படிப்புக்குள் கணினி அறிவியலை ஒரு விருப்பப் பிரிவாகக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் கணினி அறிவியல் முறையான பாடமானது இப்படித்தான்.

வகுப்பறைக்கு வர முடியாதவர்களுக்கு என்ன வழி? அதற்கு அவர் புத்தகம் எழுதினார். 1969-இல் வெளிவந்த ‘பிரின்சிபில்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ மாணவர் கைக்கெட்டும் விலையில் விற்றது. பின்பு ஃபோர்ட்ரான் IV, எண்முறைக் கணிதம், சி மொழி என்று வரிசையாக நூல்கள் வந்தன. கணினியைக் கண்ணால்கூடக் காணாத கல்லூரிகளில் அவற்றை வைத்துப் பாடம் நடந்தது. காகிதத்தில் நிரலெழுதி, மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்று பென்சிலால் குறித்துப் பழகியவர்கள் ஏராளம். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்தப் பாடநூல்களே நாட்டுக்கு அதிகம் செய்தன என்று தயங்காமல் சொல்லலாம்.

1982-இல் பெங்களூருவுக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தின் மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்தை வளர்த்தெடுத்தார். மீக்கணினிகளை உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்று 1987-இல் அவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது; அதற்கென அடுத்த ஆண்டு சி-டாக் என்னும் மேம்பட்ட கணினி வளர்ச்சி மையம் பிறந்தது. அவருக்கு 1976-இல் பட்நாகர் விருதும் 1998-இல் பத்ம பூஷணும் வந்தன.

ஓய்வுக்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. இந்தியாவில் 1955 முதல் 2010 வரையிலான கணினி வரலாற்றை ஆங்கிலத்தில் தனி நூலாகத் தொகுத்தார். எந்த இயந்திரம் எப்போது வந்தது என்பதோடு, அரசின் எந்தக் கொள்கை எதை வளர்த்தது, எதைத் தடுத்தது என்றும் அதில் நிதானமாக ஆராய்ந்திருக்கிறார். நம் கல்லூரிகளில் முதலாண்டு கணினி மாணவர்களுக்கு ஃபோர்ட்ரானைக் கற்பிக்க வேண்டிய தேவை இன்றில்லை. அந்த வரலாற்று நூலை அவர்கள் கையில் கொடுக்கலாம்.